விட்ச்கிராஃப்ட் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: விட்ச்கிராஃப்ட், விக்கா பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. ஆன்லைனில் தேடினால் நூற்றுக்கணக்கில் புத்தகங்கள் வந்து நிற்கின்றன. எதுவுமே தெரியாத ஒருவர் முதலில் எதை வாங்கலாம்? இதையெல்லாம் செய்துபார்ப்பேனா, வெறுமனே படிப்பேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. பேசாமல் பழைய மந்திர நூல்களிலிருந்தே ஆரம்பித்துவிடலாமா?

பதில்:

விட்ச்கிராஃப்ட் என்றால் சூனியக்கலை; விக்கா அதன் பெயரில் இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான மதம். இவற்றைப் படிக்க இரண்டு புத்தகங்களைச் சேர்த்து வாங்குங்கள். ஒன்று, ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் எழுதிய 'விக்கா: எ கைட் ஃபார் த சாலிட்டரி பிராக்டிஷனர்'. இன்னொன்று, ரொனால்ட் ஹட்டன் 1999இல் எழுதிய 'த ட்ரையம்ஃப் ஆஃப் த மூன்'. முதலாவது செய்முறை, இரண்டாவது வரலாறு. ஹட்டனின் புத்தகம் தடிமனானது, மெதுவாகத்தான் நகரும். அவ்வளவு பொறுமை இப்போது இல்லையென்றால் மால்கம் காஸ்கில் எழுதிய 'விட்ச்கிராஃப்ட்: எ வெரி ஷார்ட் இன்ட்ரொடக்‌ஷன்' போதும். ஆக்ஸ்ஃபோர்டின் அந்தச் சின்னப் புத்தக வரிசையில் 2010இல் வந்தது. இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். எதுவானாலும் செய்முறைப் புத்தகத்தை மட்டும் தனியாக வாங்காதீர்கள் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்வது.

காரணம் இருக்கிறது. இந்தத் துறையின் செய்முறைப் புத்தகங்களில் பல, சடங்குகளைக் கற்றுத்தருவதோடு ஒரு வரலாற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. கற்காலம் தொட்டு ஐரோப்பாவில் ஒரு தாய்த்தெய்வத்தையும் கொம்புள்ள ஓர் ஆண் தெய்வத்தையும் வழிபட்ட மதம் இருந்தது, கிறிஸ்தவ சபை அதை அழிக்கப் பார்த்தது, தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தது, தப்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக ரகசியமாகக் காப்பாற்றி வந்ததுதான் இன்றைய விக்கா. இதுதான் அந்தக் கதை. படித்தால் மனதை உலுக்கும். ஆனால் நடந்தது அது இல்லை.

இந்தக் கதைக்குப் பெரிய அளவில் உயிர் கொடுத்தவர் மார்கரெட் மர்ரே. எகிப்திய ஆய்வில் பெயர் பெற்றவர். 1921இல் 'த விட்ச்-கல்ட் இன் வெஸ்டர்ன் யூரோப்' என்ற நூலில், சூனியக்காரர் என்று விசாரிக்கப்பட்டவர்கள் உண்மையிலேயே ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று வாதிட்டார். 1929இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்திலும் விட்ச்கிராஃப்ட் என்ற தலைப்பில் எழுதும் வாய்ப்பு அவருக்கே கிடைத்தது. அவருடைய கருத்து நிரூபணமான உண்மை போலப் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். பிற்பாடு நார்மன் கோன் என்ற வரலாற்றாசிரியர், மர்ரே மேற்கோள் காட்டிய விசாரணைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டார். பறந்து போனோம், உருமாறினோம் என்பது போன்ற நம்பமுடியாத பகுதிகளை மர்ரே வெட்டிவிட்டு, கூடி விருந்துண்டோம், ஆடினோம் என்ற பகுதிகளை மட்டும் வைத்திருந்தது தெரியவந்தது. சித்திரவதைக்குப் பயந்து சொன்ன ஒரே வாக்குமூலத்தில் பாதி கற்பனை, மீதி உண்மை என்று எப்படிப் பிரிப்பது? கோனின் 'யூரோப்ஸ் இன்னர் டீமன்ஸ்' 1975இல் வெளிவந்தது. அதன் பிறகு மர்ரேயின் வாதத்தை வரலாற்றுத் துறையில் யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை.

தொண்ணூறு லட்சம் என்ற எண்ணும் அப்படித்தான். 1784இல் ஃபாய்க்ட் என்ற ஜெர்மானியர் தன் ஊரான க்வெட்லின்பர்க்கின் பழைய ஆவணங்களில் சில வழக்குகளைப் பார்த்து, அதை அப்படியே ஐரோப்பா முழுக்க, பல நூற்றாண்டுகளுக்குப் பெருக்கிப் போட்ட கணக்கு அது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்வது, பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 40,000 முதல் 60,000 பேர். எல்லோரும் பெண்கள் இல்லை. ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஆண்கள். ஐஸ்லாந்தில் தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. இங்கிலாந்தில் தூக்கில் போட்டார்கள், எரிக்கவில்லை. அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள்; அங்கேயும் எரிக்கப்பட்டவர் ஒருவருமில்லை. எண்ணிக்கை குறைந்ததால் கொடுமை குறைந்துவிடவில்லை. இறந்தவர்கள் பெரும்பாலும் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே நினைத்து வாழ்ந்த சாதாரண ஊர்க்காரர்கள். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொள்ள வைத்துக் கொன்றார்கள். அவர்களை இன்னொரு மதத்தின் தியாகிகளாக மாற்றுவது அவர்களுக்கு நேர்ந்ததை இரண்டாவது முறை மறைப்பதாகும்.

சரி, அப்படியானால் விக்கா எங்கிருந்து வந்தது? இங்கேதான் உண்மைக் கதை கற்பனையைவிடச் சுவையானது. ஜெரால்ட் கார்ட்னர் என்று ஓர் ஆங்கிலேயர், 1884இல் பிறந்தவர். பதினாறு வயதுவாக்கில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பிறகு போர்னியோ, மலாயா. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936இல் ஓய்வு பெற்றார். மலாய் கிரிஸ் கத்திகள் பற்றி ஒரு நூலே எழுதியவர். விக்கா சடங்கில் கத்திக்கு எவ்வளவு பெரிய இடம் என்று பார்க்கும்போது எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்து திரும்பியவர், நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இருந்த ஒரு ரகசியக் குழு 1939இல் தனக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொன்னார். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. மூன்றே வருடத்தில், 1954இல், அவருடைய 'விட்ச்கிராஃப்ட் டுடே' வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் அதே மார்கரெட் மர்ரே.

கார்ட்னரின் குழுவில் 1953இல் சேர்ந்த டோரீன் வேலியண்டே எனக்கு மிகவும் பிடித்தவர். 'புக் ஆஃப் ஷேடோஸ்' என்ற சடங்கு நோட்டைக் கார்ட்னர் காட்டியபோது, பழங்காலத்தது என்று அவர் சொன்ன வரிகளில் பல, மந்திரவாதி அலிஸ்டர் க்ரௌலியின் எழுத்து என்று வேலியண்டே கண்டுபிடித்துவிட்டார். மறைக்கவில்லை, முகத்துக்கு நேராகவே சொன்னார். உன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமென்றால் எழுது என்றார் கார்ட்னர். வேலியண்டேயும் உட்கார்ந்து எழுதினார். இன்று உலகம் முழுக்க விக்கா வழிபாட்டில் சொல்லப்படும் 'சார்ஜ் ஆஃப் த காடஸ்' என்ற பாடத்தின் நமக்குத் தெரிந்த வடிவம் அப்படிப் பிறந்தது. பல ஆண்டுகள் கழித்து, கார்ட்னருக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 'ஓல்ட் டாரதி' என்ற பெண்மணி வெறும் கற்பனையோ என்று ஓர் ஆய்வாளர் கேள்வி எழுப்பியபோது, வேலியண்டே தானே ஆவணங்களைத் தேடிக் கிளம்பினார். டாரதி க்ளட்டர்பக் உண்மையில் வாழ்ந்த பெண்தான், பிறந்தது 1880இல் வங்காளத்தில் என்று நிறுவினார். இதையெல்லாம் அவரே 1989இல் வந்த 'த ரீபெர்த் ஆஃப் விட்ச்கிராஃப்ட்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். நம்பிக்கையும் நேர்மையும் ஒரே ஆளிடம் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அந்தப் புத்தகத்தைப் படியுங்கள். உங்கள் மூன்றாவது புத்தகமாக அதைத்தான் சொல்வேன்.

ஹட்டன் இந்தக் கதையை இன்னும் பின்னோக்கிக் கொண்டுபோகிறார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். பிறந்தது நம் ஊட்டியில், 1953இல். ஆங்கிலக் கவிஞர்கள் இயற்கைத் தெய்வங்களைப் பாடியது, ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் மூன்று படித் தீட்சை, கிராமத்து வைத்தியர்களும் குறிசொல்பவர்களும், விக்டோரியா காலத்து மந்திரக் குழுக்கள் என்று விக்காவுக்குள் வந்து கலந்த ஓடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். புதிதாக உண்டானது என்பதால் அவர் அதை மட்டம் தட்டுவதில்லை. இங்கிலாந்து உலகத்துக்குத் தந்த ஒரே மதம் இது என்கிறார். அந்த மரியாதை காரணமாகத்தான் விக்காவைப் பின்பற்றுபவர்களே பலர் அவர் புத்தகத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

இனி கன்னிங்ஹாம். அமெரிக்கர், 36 வயதிலேயே, 1993இல் இறந்துபோனார். அதுவரை விக்கா என்றால் ஒரு குழுவில் சேர வேண்டும், அவர்கள் தீட்சை கொடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. தனியாகவே செய்யலாம் என்று எளிய மொழியில் எழுதி அந்தக் கதவைப் பரவலாகத் திறந்தவர்களில் அவர் முக்கியமானவர். புத்தகம் மூன்று பகுதி: கொள்கை, செய்முறை, கடைசியாக அவரே தொகுத்த ஒரு சடங்கு நோட்டு. மூச்சுப் பயிற்சி, தியானம், மனதில் காட்சியை நிறுத்துவது இவையெல்லாம் நடுப் பகுதியில் வருகின்றன. கருவிகள் பற்றிய அத்தியாயத்தில் துடைப்பம், கொப்பரை, கோப்பை, மணி, கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று சொல்கிறார். கூடவே இவை கட்டாயமில்லை என்றும் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அவருடைய வரலாற்றுக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்முறைக்கு மட்டும் அவரிடம் போங்கள்.

ரேமண்ட் பக்லண்டின் 'கம்ப்ளீட் புக் ஆஃப் விட்ச்கிராஃப்ட்' 1986இல் வந்தது. நீல அட்டை, பெரிய அளவு. அதனாலேயே 'பிக் ப்ளூ' என்ற செல்லப்பெயர். பதினைந்து பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விகள், எழுதிப் பார்க்க இடம் என்று பள்ளிப் பயிற்சி நூல் போலவே இருக்கும். கட்டுக்கோப்பாகப் படிப்பவர்களுக்கு இது கன்னிங்ஹாமைவிடப் பொருந்தலாம். வரலாற்றுப் பாடத்தில் மட்டும் மர்ரேயின் நிழல் பலமாக விழுந்திருக்கிறது. ஸ்டார்ஹாக் எழுதிய 'த ஸ்பைரல் டான்ஸ்' வேறு ரகம்: பெண்ணியம், அரசியல், கவிதை எல்லாம் கலந்தது. 1979 அக்டோபர் 31 அன்று வெளியானது. வாங்கினால் பத்தாம் ஆண்டு அல்லது இருபதாம் ஆண்டுப் பதிப்பைத் தேடி வாங்குங்கள். ஆண் சக்தி, பெண் சக்தி என்று தான் முதலில் எழுதியதை எங்கெல்லாம் மாற்றிக்கொண்டேன் என்று அவரே அவற்றில் குறிப்பு எழுதியிருக்கிறார். அதே நாளில் வெளியான இன்னொரு புத்தகம் மார்கோ ஆட்லரின் 'ட்ராயிங் டவுன் த மூன்'. அவர் வானொலிச் செய்தியாளர். அமெரிக்காவில் இந்தக் குழுக்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியது, செய்முறை கிடையாது.

செய்துபார்ப்பேனா என்று தெரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு இன்னொரு புத்தகம் சொல்ல வேண்டும். டி. எம். லூர்மன் என்ற மானுடவியலாளர் 1980களில் லண்டனில் இப்படிப்பட்ட குழுக்களில் சேர்ந்து, அவர்களோடு சடங்குகளில் கலந்துகொண்டு 'பர்சுவேஷன்ஸ் ஆஃப் த விட்ச்ஸ் கிராஃப்ட்' என்ற நூலை 1989இல் எழுதினார். படித்த, நல்ல வேலையில் இருக்கும் நடுத்தர வர்க்கத்தினர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மந்திரத்தை நம்பத் தொடங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரே நாளில் யாரும் நம்பிவிடுவதில்லை என்கிறார். பயிற்சி செய்யச் செய்ய, எதைக் கவனிக்கிறோம், எதை அத்தாட்சி என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது நகர்ந்துகொண்டே போகிறது. நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றாலும், உங்கள் மனதில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ள இது உதவும். நடை ஆய்வு நூலுக்கு உரியது, ஆனால் புரியும்.

இங்கே பெயர் சொல்லாத ஆயிரம் புத்தகங்கள் கடையில் இருக்கின்றன. புதிது புதிதாக, அழகான அட்டையோடு, முன்பின் தெரியாத ஆசிரியர் பெயரில் வருகின்றன. வாங்கும் முன் முன்னோட்டப் பக்கங்களைத் திறந்து வரலாற்று அத்தியாயத்துக்குப் போங்கள். தொண்ணூறு லட்சம் என்று கூசாமல் எழுதியிருந்தால் மூடிவிடலாம். அடுத்து, விக்காவில் வருடம் முழுக்கக் கொண்டாடும் எட்டுப் பண்டிகைகள் பற்றிய பகுதியில் 'மாபோன்' என்று செப்டம்பரில் வரும் பண்டிகையைப் பாருங்கள். பழங்கால கெல்டிக் மக்கள் மாபோன் கொண்டாடினார்கள் என்று இருந்தால் ஆசிரியர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பண்டிகைக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஏய்டன் கெல்லி என்ற அமெரிக்கர், அதுவும் 1970களில். எட்டுப் பண்டிகைகளும் ஒரே வட்டமாகச் சேர்ந்ததே 1950களில்தான்.

அப்புறம் மூலிகை. இதில் அலட்சியம் கூடாது. பென்னிராயல் என்ற புதினா வகைச் செடியின் எண்ணெய் கல்லீரலைக் கெடுத்து ஆளையே கொன்றிருக்கிறது. பெலடோனா, அகோனைட், ஹென்பேன் எல்லாம் கதைகளில் சூனியக்காரிகளோடு வரும் செடிகள். எல்லாமே கடும் விஷம், நம் ஊமத்தை போல. இவற்றைப் பற்றி எழுதும் புத்தகம் அந்த இடத்திலேயே எச்சரிக்கை கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கவில்லையென்றால் மற்ற பக்கங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் புத்தகம் வேண்டாம். கன்னிங்ஹாமே எழுதிய மூலிகைக் கலைக்களஞ்சியம் ஒன்று உண்டு, 1985இல் வந்தது. எந்தச் செடிக்கு என்ன மந்திர குணம் என்ற நம்பிக்கைகளின் தொகுப்பு அது. அதைப் பார்த்து எதையும் காய்ச்சிக் குடிக்கக் கூடாது.

பண்டிகைகள் என்றதும் ஒன்று. அந்த எட்டும் இங்கிலாந்தின் பருவங்களை வைத்து அமைந்தவை. பிப்ரவரித் தொடக்கத்தில் பனி உருகி முதல் துளிர் வருவதைக் கொண்டாடச் சொல்வார்கள். சென்னையில் அப்போது கோடைக்கு முந்தைய இதமான நாட்கள். அக்டோபர் கடைசியில் எல்லாம் வாடி உதிர்வதைச் சொல்வார்கள்; நமக்கோ வடகிழக்குப் பருவமழை தொடங்கி மண் பச்சை கட்டும் நேரம். ஆஸ்திரேலியாவில் பலர் நாட்காட்டியைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார்கள். தேதியை விட்டுவிட்டு, உங்கள் ஊரில் வெயிலும் மழையும் என்ன செய்கின்றன என்று ஒரு வருடம் குறித்து வைப்பது இந்த வழியின் நோக்கத்துக்கு ஒத்துப்போகும் என்பது என் எண்ணம்.

பொருட்களுக்காகச் செலவு செய்யாதீர்கள். வீட்டில் இருக்கும் கத்தியும் கிண்ணமும் அகலும் போதும், சாம்பிராணி இருக்கவே இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகள் புனிதமாக மதிக்கும் வெள்ளை சேஜ் என்ற செடியின் கட்டுகளை இறக்குமதி செய்து கொளுத்த எந்தத் தேவையும் இல்லை. அந்த மக்களே இந்த வியாபாரத்தால் மனம் நொந்திருக்கிறார்கள். தீட்சை தருகிறேன், இவ்வளவு கட்டணம் என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். கார்ட்னர் வழிக் குழுக்களில் தீட்சைக்குப் பணம் வாங்கும் வழக்கம் இல்லை, பதினெட்டு வயது ஆகாதவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதும் இல்லை. உங்களுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், எடுக்கிறேன் என்பவரிடம் இன்னும் வேகமாக விலகுங்கள்.

இதையும் சொல்லாமல் விட மனமில்லை. நாம் இங்கே விருப்பத்தோடு படிக்க நினைக்கும் சூனியக்காரி என்ற இந்தப் பெயரை, இந்தியாவின் சில பகுதிகளில் ஒரு பெண்ணின் மேல் சுமத்தினால் அவள் உயிருக்கே ஆபத்து. பிகார் 1999இல், ஜார்க்கண்ட் 2001இல், அசாம் 2015இல் இதற்கென்றே தனிச்சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நிலத் தகராறு, ஊரில் ஒரு காய்ச்சல், ஒரு குழந்தையின் சாவு என்று ஏதோ ஒன்று போதும், தனியாக வாழும் பெண் மேல் பழி விழுந்துவிடும். ஐரோப்பாவின் பழைய வழக்குகளைப் படிக்கும்போது அதே காரணங்கள் அப்படியே வருவதைப் பார்ப்பீர்கள். காஸ்கில் போன்றவர்களின் வரலாற்று நூல்களை முதலிலேயே படிக்கச் சொல்வதற்கு இது எனக்கு இன்னொரு காரணம்.

கடைசியாக, பழைய மந்திர நூல்களிலிருந்தே தொடங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். சாலமன் மன்னரின் பெயரில் வழங்கும் 'கீ ஆஃப் சாலமன்' போன்றவை வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஆவிகளை அழைத்துக் கட்டளையிடும் முறைகள், நாள் நட்சத்திரக் கணக்குகள், லத்தீனும் எபிரேயமும் கலந்த பெயர்கள். பின்னணி தெரியாமல் திறந்தால் ஒன்றும் புரியாது. முதலில் ஓவன் டேவிஸ் எழுதிய 'கிரிமார்ஸ்' என்ற நூலைப் படியுங்கள், 2009இல் வந்தது. மந்திர நூல்கள் எப்படிக் கைப்பிரதியிலிருந்து மலிவு அச்சுக்கு வந்தன, சிகாகோவில் டி லாரன்ஸ் என்ற பதிப்பாளர் விற்றவை எப்படிக் கரீபியத் தீவுகள் வரை போய் ஜமைக்காவில் தடைசெய்யப்படும் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றன என்று விறுவிறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

பழையது ஒன்றாவது வேண்டும் என்றால் சார்ல்ஸ் லேலண்ட் 1899இல் வெளியிட்ட 'அரேடியா' இருக்கிறது. இத்தாலியில் ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்த சூனியக்காரிகளின் வேதம் என்று அவர் வெளியிட்டது. எவ்வளவு உண்மை, எவ்வளவு லேலண்டின் கைவேலை என்று இன்றுவரை விவாதம் தீரவில்லை. சின்னப் புத்தகம், காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதன் முதல் அத்தியாயத்தில், மாதம் ஒருமுறை பௌர்ணமி அன்று ஒதுக்குப்புறமான ஓர் இடத்திலோ காட்டிலோ கூடி உங்கள் அரசியை வணங்குங்கள் என்று ஒரு பகுதி வரும். வேலியண்டேயின் 'சார்ஜ் ஆஃப் த காடஸ்' பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். எந்த வரியை எடுத்தார், எதை விட்டார், எங்கே தன் சொந்தக் குரலில் பேசத் தொடங்கினார் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.